ஏழு மணங்கில் நின்ற தராசு

என்னைத் தூக்க முடியாது என்று நாலு ஆம்பளைகள் மலைப்பாதையின் மூன்றாவது திருப்பத்தில் டோலியை இறக்கி வைத்துவிட்டார்கள். இறக்கி வைத்ததுகூடப் பரவாயில்லை. அவர்களில் மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா, கோவிச்சுக்கிறாதீக. ஏலக்கா மூட்டைன்னா ரெண்டாப் பிரிச்சுத் தூக்கிருவோம். ஒங்கள எப்புடிப் பிரிக்கிறது?" என்று கேட்டார். மற்ற மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியதை நான் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் அந்த நாலு பேரையும் வாயாலேயே பள்ளத்தில் தள்ளியிருப்பேன். அன்றைக்கு என்னிடம் சண்டை போடத் தெம்பில்லை.

எங்களுக்குப் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து இறங்கும் காயை வாங்கிக் கிட்டங்கியில் கொட்டி, தரம் பிரித்து, வெளியூருக்கு அனுப்புவோம். ஆளைப் பார்த்துப் பேசுவது வீட்டுக்காரர் வேலை. காயைப் பார்ப்பது என் வேலை. முறம் பிடித்த பெண்களுக்கு நடுவில் மணையைப் போட்டு உட்கார்ந்தேனென்றால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டேன். உட்கார்ந்த இடத்துக்கே காப்பி வரும், முறுக்கு வரும், மதியச் சோறு நெய்யோடு வரும். வருஷக்கணக்காக அப்படி உட்கார்ந்தால் உடம்பு என்ன செய்யும்? அதுவும் என்னோடு சேர்ந்து நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

எங்களுக்கு ஒரே மகள். மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த வீட்டில் கொடுத்திருந்தோம். அந்த நாளில் தோட்டத்துக்குச் சாலை ஏது? குரங்கணி வரை மாட்டுவண்டி போகும். அதற்கு மேல் சொந்தக் கால்தான். முடியாதவர்கள் டோலியில் போவார்கள். மூங்கிலில் நாற்காலியைக் கட்டி, முன்னால் இருவர், பின்னால் இருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். தூரத்தில் வெள்ளைக்காரன் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு ஆகாசத்தில் போகும். டோலியை இறக்கி வைத்த அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். பெட்டிக்கு இருக்கிற யோகம் பெற்றவளுக்கு இல்லையே என்று இருந்தது.

ஏனென்றால் மேலே என் மகள் படுத்துக் கிடந்தாள். மலைக்காய்ச்சல் கண்டு, வயிற்றில் இருந்த முதல் கரு கலைந்துவிட்டது என்று தோட்டத்து ஆள் வந்து சொன்னார். "அம்மா வரட்டும், அம்மா வரட்டும்னு காச்சல்ல சொல்லிக்கிட்டே கெடக்காக" என்றும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுத்தான் கட்டின சேலையோடு கிளம்பியிருந்தேன். நடந்தும் பார்த்தேன். கூப்பிடு தூரம் போவதற்குள் நெஞ்சு அடைத்து, கண் இருட்டிப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒல்லியான மனுஷன். மலை அவருக்கு வாசற்படி மாதிரி. அவர் என்னையும் பார்த்தார், மேலேயும் பார்த்தார். "நீ திரும்பிப் போத்தா. நான் போயிப் பாத்துட்டு வாரேன்" என்றார். அவர் ஏறினார். நான் இறங்கினேன். 

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். மகள் தேறிவிட்டாள் என்றார்.

"என்னையக் கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்னீக?"

அவர் மேல்துண்டை உதறினார். "அங்கன பாதையில மழைன்னு சொன்னேன்."

மாசி மாசம். அந்த வாரம் முழுக்க வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மலைமேல் இருந்த என் மகளுக்கு அது தெரியாதா? பொய் சொல்வதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் கால் கழுவப் போனார். அடுப்படியில் போய் நின்று அழுதேன். அழுது முடித்தபோது ஒன்று மட்டும் தீர்மானமாகிவிட்டது. அடுத்த தடவை அவள் கூப்பிடும்போது நான் நடந்து போய் அவள் முன்னால் நிற்கவேண்டும். டோலியில் இல்லை. நடந்து.

கிட்டங்கியில் பெரிய தட்டுத் தராசு ஒன்று உத்தரத்தில் தொங்கும். மூட்டை நிறுக்கிற தராசு. ஆளில்லாத வெள்ளிக்கிழமை பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்தேன். மறு தட்டில் வீட்டுக்காரர் கல்லை வைத்துக்கொண்டே போனார். எட்டு மணங்கு வைத்தும் என் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. இன்றைய கிலோவில் தொண்ணூறைத் தாண்டும். "சங்கிலி தாங்குமாங்க?" என்றேன். "சங்கிலி தாங்கும். உத்தரத்தப் பத்தித்தான் ரோசனையா இருக்கு" என்றார். அவர் கேலி செய்தால் நான் அழ மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் நெய்யை நிறுத்தினேன். அப்புறம் முறுக்கு, வடை, சர்க்கரை போட்ட காப்பி. சோறு ஒரு வேளை. மற்ற நேரத்துக்குக் கேப்பைக் களி, கொள்ளு ரசம், கீரை. விடியுமுன் எழுந்து ஊருக்கு மேற்கே பரமசிவன் மலைக்கு நடப்பேன். கடைவீதிக்காரன் பெண்டாட்டி தனியாகத் தெருவில் நடக்கிறாள் என்று நாலு பேர் பேசினார்கள். பேசட்டும், அவர்கள் வாய், அவர்கள் வலி. முதல் நாள் மலைக்கோயில் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஏறவெல்லாம் இல்லை. பத்து நாள் கழித்துக் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த படியில் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டு வருவேன். மறுநாள் அந்தக் கல்லைத் தாண்டி உட்காரவேண்டும் என்பது எனக்கும் படிக்கும் இருந்த வழக்கு.

உடம்பு இறங்கியது பாருங்கள், எனக்கே நம்ப முடியவில்லை. வெள்ளிக்கு வெள்ளி வீட்டுக்காரர் தட்டிலிருந்து சின்னக் கல்லை எடுத்துக்கொண்டே இருந்தார். ஆடியில் ஏழரை. ஐப்பசியில் சரியாக ஏழு மணங்கு. தீபாவளிக்கு எடுத்த ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. இப்படியே போனால் தைக்குள் ஆறுதான் என்று மனக்கோட்டை கட்டினேன்.

அப்புறம் நின்றுவிட்டது.

கார்த்திகையில் ஏழு. மார்கழியில் ஏழு. தையில் பொங்கல் கழித்து ஏறி உட்கார்ந்தேன், அதே ஏழு. அதே களி, அதே நடை, அதே கொள்ளு ரசம். தராசு முள் மட்டும் செத்தது போல நின்றது. முதலில் தராசின்மேல் சந்தேகம். எடை தெரிந்த மூட்டையைத் தூக்கி வைக்கச் சொல்லிப் பார்த்தேன். தராசு யோக்கியமாகத்தான் இருந்தது. அப்புறம் வீட்டுக்காரர்மேல் சந்தேகம். "நீங்க காலால தட்ட அமுக்குறீகளா?" என்று கேட்டேன். "எனக்கு வேற சோலியில்லையா?" என்றார். மிச்சமிருந்தது நான்தான். என்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இதில் கூத்து என்னவென்றால், முள் அசையாத அந்த மாதங்களில்தான் ஊர் முழுக்க நான் இளைத்துப்போனதைப் பற்றிப் பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒருத்தி இளைத்தால் அவளைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். துக்கம் விசாரிப்பார்கள். எதிர்வீட்டு மதினி ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "ஏன் மதினி, அண்ணனுக்கு யாவாரத்துல எதும் சங்கட்டமா? இப்புடி எளச்சுப் போனீகளே" என்றாள். கடைவீதியிலும் அதே பேச்சு. பெண்டாட்டிக்குச் சோறு போட முடியாதவன் காய்க்கு எப்படிப் பணம் கொடுப்பான் என்று ஒரு தோட்டக்காரர் கேட்டாராம். "ஒன் ஒடம்புதான்டி நம்ம கடைக்கு போர்டு. அதப் போயிக் கழட்டுறியே" என்று வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்கிறவர்களெல்லாம் இளைத்தாய் என்கிறார்கள், தராசு இல்லை என்கிறது. நான் தராசைத்தான் நம்பினேன். வியாபாரிக் குடும்பத்தில் வேறு எதை நம்புவது?

அந்தத் தையிலேயே மலையிலிருந்து சேதி வந்தது. மகளுக்கு மறுபடி மூன்று மாசம்.

சந்தோஷத்தில் கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. எங்கள் வழக்கப்படி ஏழாம் மாசம் பெற்றவள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகவேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று வகைவகையாகக் கட்டி, மகளுக்குத் தன் கையால் ஊட்டி, பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். மாமியார் வீட்டில் சொல்லியும் அனுப்பிவிட்டார்கள், "இந்தத் தடவ சம்பந்தியம்மா வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று. ஏழாம் மாசம் வைகாசியில் வரும். அதை விட்டால் ஆனி மழை, பாதை வழுக்கும். வைகாசிக்கு நாலு மாசம்தான். நானோ ஏழு மணங்கில் நட்டுவைத்த கல்லாக நிற்கிறேன்.

அப்போதுதான் புத்தி கெட்டது. களியை நிறுத்தினேன், மதியச் சோற்றையும் நிறுத்தினேன். ஒரு குவளைக் கஞ்சித் தண்ணீரோடு நாளை ஓட்டினேன். நடையை இரண்டு வேளை ஆக்கினேன். பார்க்கிறவர்கள்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். வீட்டுக்காரர் தயிர்ச்சோறு பிசையும் சத்தம் கேட்டாலே எனக்குக் கண்ணில் நீர் கட்டும். இவ்வளவு பாடுபட்டும் அடுத்த இரண்டு வெள்ளியும் முள் அப்படியே நின்றது. மூன்றாம் வாரம் பரமசிவன் மலையில், எப்போதோ தாண்டிய படியிலேயே தலை சுற்றி விழுந்தேன். பூ விற்கிற பெண் ஓடிவந்து தண்ணீர் தெளித்தாள். இவ்வளவுதான் நம்மால் முடியும், இந்தத் தடவையும் மகளுக்கு அம்மா இல்லை என்று அந்தப் படியில் உட்கார்ந்து முடிவே கட்டிவிட்டேன்.

அந்த வாரம் மாப்பிள்ளை தோட்டத்துக் கடைசிப் பறிப்புக் காய் கிட்டங்கிக்கு வந்தது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் பாதிக் காய் வாய் பிளந்து கிடக்கிறது. பச்சை நிறம் போய் வைக்கோலாக வெளுத்திருக்கிறது. எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அது வசமாக வந்து மாட்டியது. ஏலக்காயைப் பறித்ததும் மூடிய அறையில் தட்டில் பரப்பி, அடியில் குழாய் வழியாக விறகுச் சூடு விட்டு உலர்த்துவார்கள். முதலில் ஈரம் மளமளவென்று இறங்கும், எடை பாதிக்குப் பாதி குறையும். கடைசியில் உள்ளே ஏலரிசி விதையைச் சுற்றி இருக்கிற ஈரம் லேசில் இறங்காது. அப்போது பொறுமை இல்லாதவன் விறகைக் கூடுதலாகத் தள்ளுவான். காய் வெடித்துவிடும்.

பிளந்த காயை ஒரு கை அள்ளிக்கொண்டு போய் வீட்டுக்காரர் மேசையில் கொட்டினேன். "மாப்பிள்ளைட்ட சொல்லிவிடுங்க! மொதல்ல எறங்குற மாதிரியே கடைசி வரைக்கும் எறங்குமா? கடைசி ஈரம் அது பாட்டுக்கு நேரம் எடுக்கும். எடை நிக்கிற மாதிரித்தான் தெரியும். அதுக்காகத் தீயக் கூட்டுனா காயில்ல வெடிக்கும்! இது தெரியாம என்ன தோட்டம் வச்சிருக்காக?"

முறம் பிடித்த பெண்களெல்லாம் புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் பிளந்த காயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் உள்ளே போய் நின்றவளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"சொல்லிவிடுறேன்" என்றார். "வேற யாருட்டயாச்சும் சொல்லணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. காயைப் பற்றி இத்தனை வருஷமாகத் தெரிந்தவள், என் உடம்பில் மட்டும் விறகைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். நேரே வீட்டுக்குப் போனேன். கேப்பைக் களி கிண்டி, கீரையைக் கடைந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன். அது எவ்வளவு ருசியாக இருந்தது என்று இப்போதும் சொல்ல முடியும்.

அன்றிலிருந்து பழையபடி அளவான தீ. ஒரு வேளை சோறு, களி, கொள்ளு, ஒரு வேளை நடை. தராசுப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்தேன். வெள்ளிக்கிழமை வந்தால் கை கால் குறுகுறுக்கும்தான். அன்றைக்கென்று கூடுதலாகப் பத்துப் படி ஏறிவிட்டு வந்துவிடுவேன். என் சின்னக் கல் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. சில வாரம் ஒரே படியில் கிடக்கும். கிடக்கட்டும், அதுவும் காய்கிறது என்று விட்டுவிடுவேன்.

பங்குனியில் ஒருநாள் தொட்டியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீருக்குள் ஏதோ டணாரென்று விழுந்தது. கையை விட்டுத் துழாவினால் என் இடது கைக் காப்பு. மகள் பிறப்பதற்கு முன்னால் போட்ட தங்கக் காப்பு அது. சதையில் புதைந்து, சோப்புக்கும் விளக்கெண்ணெய்க்கும் மசியாமல், செத்தால்தான் அறுத்து எடுக்கவேண்டும் என்று நானே சொல்லித் திரிந்த காப்பு. தன்னால் கழன்று அரிசிக்குள் கிடக்கிறது! ஈரக் கையோடு, அரிசியை அப்படியே போட்டுவிட்டு, தெருவில் ஓடினேன். ஆமாம், ஓடினேன். கிட்டங்கியில் வெளியூர் வியாபாரி உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. காப்பை வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டி, "ஒங்க தராசக் கொண்டுபோயி ஆத்துல போடுங்க!" என்றேன். அவர் காப்பைப் பார்த்தார், நான் ஓடிவந்த தெருவைப் பார்த்தார். "மூச்சு வாங்கலியேத்தா" என்றார். அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது.

சித்திரையில் பரமசிவன் மலை உச்சிக்கு எங்கேயும் உட்காராமல் ஏறினேன். என் கல்லை உச்சிப் படியில் வைத்துக் கும்பிட்டேன். வீட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டாரே என்று ஒருதரம் தராசில் ஏறினேன். ஆறரை மணங்குக் கல்லுக்கு முள் நேராக நின்றது. அவர்தான் குதித்தார். எனக்கு அது பழைய செய்தி.

வைகாசியில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். மகளை இறக்கி வருவதற்காக டோலி காலியாக எங்களோடு ஏறியது. டோலிக்காரர்கள் அதே நாலு பேர். மூத்தவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் விழித்தார், பிறகு பல்லைக் காட்டினார். "ஏறிக்கங்காத்தா. இப்பத் தூக்கிருவோம்." "சும்மா வாங்கய்யா" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது திருப்பம் வந்தது. நான் உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்த பாறை அங்கேயே இருந்தது. நிற்கவில்லை. கம்பியில் ஒரு தேயிலைப் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. நீ இறங்கு, நான் ஏறுகிறேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

பாதி வழியில் ஓடைக்கல் வழுக்கி வீட்டுக்காரருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மலை எனக்கு வாசற்படி என்று சொல்லித் திரிந்த மனுஷன்! ஊன்ற முடியவில்லை. வேறு வழியில்லாமல் அவரைத் தூக்கி டோலியில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மாதிரி அவர் மேலே உட்கார்ந்து வர, கட்டுச்சோற்று மூட்டையில் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அவர் வெட்கத்தில் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

தோட்டத்து வாசலில் மகள் நின்றிருந்தாள். டோலி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அம்மா வந்தால் அதில்தான் வருவாள் என்று நினைத்திருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து, "அம்மா!" என்று துண்டை விலக்கினாள். உள்ளே அப்பா மீசையோடு இளித்துக்கொண்டிருந்தார்.

"ஏடி, அவரையா அம்மாங்கிற?" என்றேன் பின்னாலிருந்து.

திரும்பினாள். வேர்த்து வழிந்து, மூட்டையும் கையுமாகத் தரையில் நின்ற என்னைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். செம்மண் முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தது. அப்படியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிப் பிடித்தால் அவள் இரண்டு கையும் என் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று தொட்டது. அவள் பிறந்ததிலிருந்து அப்படித் தொட்டதில்லை.

"நடந்தாம்மா வந்தீங்க?"

"நடந்துதான்."

என் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு இங்கன மழையே பெய்யலம்மா" என்றாள்.

"தெரியும்டி. அதுக்குத்தான் இன்னைக்கு நடந்து வந்தேன்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். வயிற்றுப் பிள்ளைக்காரி அழக்கூடாது என்று மாமியார் அதட்டினார். கட்டுச்சோற்றை அவிழ்த்து என் கையால் ஊட்டினேன். கழன்று விழுந்த காப்பை அவள் கையில் போட்டேன். மாசமாகி வீங்கியிருந்த கைக்கு அது கச்சிதமாக இருந்தது.

மறுநாள் இறங்கினோம். வீட்டுக்காரர் கால் தேறும் வரை மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கிக்கொண்டார். டோலியில் மகள், பக்கத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான். மூன்றாவது திருப்பம் வந்ததும் மூத்த டோலிக்காரர் இறக்கி வைக்கச் சொன்னார். தலைத்துண்டை அவிழ்த்து, "என்னாத்தா, மக இந்தக் கனம் கனக்குது?" என்று முகத்தைத் துடைத்தார்.

"ரெண்டு பேருய்யா உள்ள. ரெண்டு மாசம் பொறுங்க, எப்புடிப் பிரிக்கிறதுன்னு நான் காட்டுறேன்" என்றேன்.

மலையே அதிரச் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் மகள் டோலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.